பற்றரிக்கு வந்த மூப்பு

குடைக்கம்பி முறிந்தால் கம்பி மாற்றவும், பித்தளைப் பாத்திரம் களிம்பேறினால் ஈயம் பூசவும், மணிக்கூடு நின்றால் அதன் வில்லை மாற்றவும் ஆள் தேடுவதே யாழ்ப்பாணத்தவரின் பழக்கமாயிருந்தது. ஒரு பொருளில் ஓர் உறுப்புப் பழுதானால் அவ்வுறுப்பை மாற்றலாம். பொருளையே மாற்றவேண்டியதில்லை என்பது எவரும் எழுதிவையாத சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத பொருள்கள் இன்று நம் வீடுகளுள் ஏராளமாக வந்து புகுந்துள்ளன. அவற்றுள் மிகச் சிறியதொன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். மணிக்கட்டிலே கட்டிக்கொண்டு நடந்தால் நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் பட்டி அது. கடைக்காரர் அதனை ‘ஃபிட்னஸ் பாண்ட்’ என்பர். நாம் கைப்பட்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

எமது தமக்கையார் ஓய்வுபெற்ற ஆசிரியை; எழுபது வயதைத் தாண்டியவர். 2018ஆம் ஆண்டில் அவருக்கு நீரிழிவு என்று கண்டறியப்பட்டது. கிளினிக்கில் வைத்தியர் மாத்திரை எழுதியதோடு நில்லாமல், நாளும் நடக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். செய்தி ரொறன்ரோவுக்கு எட்டியதும் அங்கிருந்த மருமகள், ஊருக்கு வந்த ஒருவர் கையில் இந்தக் கைப்பட்டியைக் கொடுத்தனுப்பினாள். முதலில் தமக்கையார் அதனை ஒரு விளையாட்டுச் சாமானாகவே எண்ணினார். ஒரு வாரத்துக்குள் அது அவரை ஆட்கொண்டது. விடியற்புறத்தில் பண்ணைக் கடற்கரையோரம் நடந்துவிட்டு வருவார். வந்ததும் ஒரு கொப்பியை எடுப்பார். திகதி, அடிகள், வெறுவயிற்றுச் சீனியின் அளவு என மூன்று நிரல்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட கை, தமக்குத் தாமே புள்ளி போடத் தொடங்கியது. குறைந்த நாளுக்குச் சிவப்பு மையால் கோடும் விழும்.

ஆறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. முன்னர் ஐந்து நாளுக்கொருமுறை மின்னேற்றினாற் போதும் என்றிருந்த பட்டி, மெல்ல மெல்ல மூன்று நாளாயிற்று; பின் ஒரு நாளாயிற்று; ஈற்றில் காலையில் நிறைத்துக் கட்டினால் கடற்கரையிலிருந்து திரும்புமுன் கண்ணை மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. தமக்கையாரின் நடையும் அதனோடு கூடவே தளர்ந்தது. “எண்ணாத நடைக்கு ஆர் புள்ளி போடுறது?” என்பது அவர் சொன்ன நியாயம். நாம் நகைத்தோம். ஆனால் கொப்பியைப் புரட்டிய பொழுது நகைப்பு அடங்கியது. நடுநிரலில் வெற்றிடங்கள், அதற்கு அடுத்த நிரலில் 120ஐ அண்டி நின்ற சீனி 170ஐக் கடந்து போயிருந்தது. நடை குறைந்ததே காரணம் என்று சாதிப்பதற்கு நாம் வைத்தியரல்லோம். அது கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் ஒரு சிறிய பற்றரியின் மூப்பு ஒரு மனிதரின் உடல்நலத்தைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது என்பது எமக்கு உறுத்தலாயிற்று.

அடியெண்ணுவதில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். அவர்களின் கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்னும் புகழ்பெற்ற கணக்கு எந்த வைத்தியசாலையிலும் பிறந்ததன்று. தோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டாகிய 1965இல் யப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்கு விட்ட அடியெண்ணிக்கு ‘மன்போ-கேய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே நாளடைவில் உலகுக்கு ஒரு விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் முதிய பெண்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வொன்று, நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களிடையே கூட, 2,700 அடி அளவில் நின்றவர்களிலும் இறப்புக் குறைவாயிருந்ததையும், 7,500 அடிக்குமேல் அந்த நன்மை பெரிதாக வளராததையும் கண்டது. தமக்கையாருக்கு இதனைச் சொன்ன நாள்முதல் சிவப்புக்கோடு பத்தாயிரத்திலிருந்து ஏழாயிரத்தைந்நூறுக்கு இறங்கியது. கோடு மட்டும் நீங்கவில்லை.

கைப்பட்டியைச் செய்த நிறுவனத்துக்கு மருமகள் எழுதிக் கேட்டாள். பெயரை விடுவோம். மறுமொழி இரண்டு நாளில் வந்தது. பட்டி மூடி ஒட்டப்பட்டதாம். அதன் பற்றரியை மாற்ற வழியில்லையாம். தங்கள் துயரத்தில் தாமும் பங்குகொள்கின்றார்களாம். புதியது வாங்கினால் விலையில் ஒரு பகுதி கழித்துத் தருவார்களாம். செத்த வீட்டுக்கு வந்தவர் அங்கேயே சம்பந்தம் பேசத் தொடங்கியது போலிருந்தது அக்கடிதம். புதியது வாங்குவதும் இங்கே இலகுவான காரியமன்று. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360ஐத் தொட்ட கதையை எவரும் மறந்திரார். இறக்குமதிச் சாமான்களின் விலை அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததில்லை. ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கு அது தாங்காது. மகளிடம் மீண்டும் கேட்க அவருக்கு மனமுமில்லை.

அந்தப் பற்றரிக்கு அப்படி என்னதான் நேர்ந்தது? மாணவர்களும் படிக்கும் பக்கமாதலால் சற்று விரித்துச் சொல்வோம். இத்தகைய கருவிகளில் இருப்பது இலிதியம்-அயன் மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றபோது குட்இனஃப்புக்கு வயது 97. நூறு வயதைக் கண்டு 2023இல் மறைந்தார். அவர் வழிவகுத்த மின்கலத்துக்கு அவருடைய ஆயுள் வாய்க்கவில்லை.

மின்கலத்தின் ஒருபுறம் பெரும்பாலும் கோபாற்று ஒட்சைட்டு. மறுபுறம் நம் பென்சிலுக்குள் இருக்கும் காரீயம். மின்னேற்றும்போது இலிதிய அயன்கள் முதற்பக்கத்திலிருந்து புறப்பட்டுக் காரீயத்தின் படைகளுக்கிடையே சென்று தங்கும். மின்னைப் பயன்படுத்தும்போது புறப்பட்ட இடத்துக்கே மீளும். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வரும் உத்தியோகத்தர் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிலர் இறங்கிய மேடையிலேயே தங்கிவிட்டால் என்னாகும்? காரீயத்தின் மேல் மெல்லியதொரு படலம் உண்டாகி, இலிதியத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் கட்டிவைத்துக்கொள்கின்றது. போய்வரத்தக்க அயன்கள் குறைகின்றன, கொள்ளளவு சுருங்குகின்றது. உள்ளே தடையும் கூடுவதனால், பட்டி அதிரவோ திரை ஒளிரவோ சற்று மிகுதியாக மின் கேட்ட கணத்தில் வோல்ற்றளவு சரிந்து, நாற்பது வீதம் மிச்சமிருப்பதாகக் காட்டிக்கொண்டே கருவி அணைந்துபோகும். தமக்கையாரின் பட்டி கடற்கரையில் கண்மூடியது இவ்வாறுதான்.

முழுமையாக ஏற்றி இறக்கும் சுற்றுகள் 300 முதல் 500 வரை சென்றபின் கொள்ளளவு எண்பது வீதமளவுக்குக் குறையும் என்பது இவ்வகைக் கலங்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்து நாளுக்கொருமுறை என்றால் ஆறாண்டில் 438 முறை. ஆகவே குறித்த காலத்திலேதான் அதற்கு மூப்பு வந்தது, குற்றம் சொல்வதற்கில்லை. வெப்பம் இந்த மூப்பை விரைவுபடுத்தும். நிறைய ஏற்றி வெயில்படும் யன்னலோரத்தில் வைத்துவிடுவது நமது ஊரில் இதற்குச் செய்யத்தக்க மிகப்பெரிய தீங்கு.

பற்றரியின் அருமையை நம்மவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. ரோச்சுக்குப் போடும் சாதாரண பற்றரி ஒன்று அப்போது பெருஞ்செல்வம். உயிர்போன பற்றரிகளை முற்றத்து வெயிலிலே வரிசையாகக் காயவைத்ததை நாம் கண்டிருக்கின்றோம். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்னால் வானொலியை உயிர்ப்பித்து பி.பி.சி. தமிழோசையைச் செவிமடுத்த இரவுகளும் உண்டு. சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும்; “சுத்தடா, சுத்து!” என்று சுற்றியிருப்போர் கத்துவர். ஆனால் அக்காலத்து நாகப் பற்றரிக்குச் செய்த வித்தைகள் எவையும் இலிதியத்துக்குப் பொருந்தா என்பதை இவ்விடத்திலேயே அழுத்திச் சொல்லவேண்டும். இதனை வெயிலில் வாட்டுதல், குத்துதல், நசுக்குதல் கூடா. உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். இருபுறமும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கலம் தானே சூடேறி எரியும்.

கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவர் இருக்கின்றார். கடை என்று சொல்வதற்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி; அவ்வளவே. பட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

“ஐயா, இது திறக்கிறதுக்கெண்டு செய்த சாமானில்லை. திறந்தால் பிறகு தண்ணிக்குள்ளே போடேலாது. பறவாயில்லையோ?”

“எங்கடை அக்கா கடலுக்குள்ளே இறங்குகிறவ இல்லைத் தம்பி. நீர் திறவும்.”

கண்ணிலே பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, தலைமயிர் உலர்த்தும் கருவியால் கண்ணாடித் திரையின் விளிம்பை இளஞ்சூடாக்கினார். அதிகஞ் சூடாக்கினால் பசை இளகுமுன் பற்றரி கோபித்துவிடுமாம். மெல்லிய பிளாஸ்ரிக் தகடொன்றை விளிம்பிற் செருகி, ஓலைப்பெட்டி முடைபவர் ஓலையை நகர்த்துவது போல் அங்குலம் அங்குலமாக, இல்லை, நூல் நூலாக நகர்த்தினார். கத்தி கொண்டு நெம்பலாகாதா என்று கேட்டோம். கத்தியின் நுனி திரைக்குச் செல்லும் பட்டைக்கம்பியை அறுக்கும், அறுக்காவிட்டால் பற்றரியைக் குத்தும் என்றார். கால்மணி நேரத்தில் திரை மூடிபோல் எழுந்தது. உள்ளே எமது சுண்டுவிரல் நகத்திலும் சற்றுப் பெரிதான வெள்ளிநிறப் பை ஒன்று, சிறிது ஊதிப்போய்க் கிடந்தது. மூப்படைந்த கலத்துள் வாயு சேர்வதால் வரும் வீக்கம் அது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் திரையை உள்ளிருந்தே பெயர்த்திருக்கும் என்றார் இளைஞர்.

அந்தப் பையின் மேல் 401015 என்று ஆறு இலக்கங்கள். ஏதோ தொடரிலக்கம் என்று நாம் எண்ண, அவர் அதனை வாசித்துக் காட்டினார்: 4.0 மில்லிமீற்றர் தடிப்பு, 10 மில்லிமீற்றர் அகலம், 15 மில்லிமீற்றர் நீளம். சட்டைக்கு அளவு இருப்பது போல இவ்வகைக் கலங்களுக்கும் அளவு உண்டு; அந்த இலக்கமே அளவு. கொள்ளளவு 45 மில்லி அம்பியர் மணி. இக்காலக் கைத்தொலைபேசி ஒன்றின் பற்றரியோடு ஒப்பிட்டால் நூறிலொரு பங்கு. இந்தச் சிறு துணுக்குக்காகவோ ஒரு முழுக் கருவியைக் குப்பையில் எறியச் சொன்னார்கள் என்று எமக்குத் தோன்றியது. அதே அளவான கலத்தைக் கொழும்பிலே புறக்கோட்டையிலிருந்து எடுப்பிப்பதாகவும், பாதுகாப்புச் சுற்று இணைத்ததாக இருக்கவேண்டுமென்றும், அது இல்லாதது மலிவாகக் கிடைத்தாலும் தாம் போடுவதில்லையென்றும் சொன்னார். மிகுதியாக ஏற்றுவதையும், அடியோடு வற்றுவதையும், குறுக்குத் தொடுப்பையும் தடுப்பது அச்சுற்றே. அந்த ஒரு சொல்லிலேயே அவர்மீது எமக்கு நம்பிக்கை பிறந்தது.

நான்கு நாளில் இரவு பஸ்ஸிலே கலம் வந்து சேர்ந்தது. கம்பியின் நிறத்தை நம்பாமல் முதலில் மானியை வைத்து நேர் எது, மறை எது என்று அளந்துகொண்டார். பின்னர் பழைய கலத்தின் கறுப்புக் கம்பியை மாத்திரம் பற்றாசுக்கோலால் இளக்கி எடுத்து, உடனே அதன் நுனிக்கு நாடா சுற்றினார். அதற்குப் பின்பே சிவப்பு. இரண்டையும் ஒன்றாக ஏன் வெட்டுவதில்லை என்றால், வெட்டும் குறடே இரண்டையும் இணைத்துக் குறுக்குத் தொடுப்பாகிவிடுமாம். புதியதை வைக்கும்போது வரிசை மறுதலை: சிவப்பு முன்னே, கறுப்புப் பின்னே. கோலின் நுனி சுற்றுத்தகட்டைத் தொட்டதேயன்றிக் கலத்தின் அருகிலும் செல்லவில்லை. ஒவ்வொரு தொடுகையும் இரண்டு கணத்துக்கு மேல் நீடிக்கவுமில்லை. வீங்கிய பழங்கலத்தைச் சாவணத்தால் மெதுவாகப் பிடித்து, மணல் நிரப்பிய பால்மாப் பேணி ஒன்றினுள் வைத்தார். குப்பையோடு போட்டு எரிப்பவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இங்கு எழுதுவதற்கில்லை.

கண்ணாடியைப் புதுப்பசை வைத்து மூடி, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள் நான்கால் இறுக்கினார். பசை காய்ந்தபின் முதல் மின்னேற்றத்தைச் சீமெந்துத் தரையில் வைத்து, ஒரு மணிநேரம் கைவைத்துச் சூடு பார்த்துக்கொண்டேயிருந்தார். கேட்ட கூலியோ, கலத்தின் விலையும் சேர்த்து, புதிய பட்டியொன்றின் விலையிற் பத்திலொரு பங்குக்கும் குறைவு.

இதனைத் தாமே வீட்டிலிருந்து செய்து பார்க்கலாம் என்று எண்ணும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பற்றாசு வைக்கப் பழகாத கையால் இலிதியத்தின் மேல் முதற்பாடம் படிக்க வேண்டாம். பழைய வானொலியொன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகியபின் வாருங்கள்.

பட்டியை ஏன் இப்படி மூடி ஒட்டுகின்றார்கள்? தண்ணீர் புகாதிருக்க என்பது சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கடலில் மூழ்குவோர் கட்டும் கைக்கடிகாரங்களின் முதுகு திருகித் திறக்கத்தக்கது. இறப்பர் வளையமொன்று நீரைத் தடுக்கின்றது. கடைத்தெருவிலே பற்றரி மாற்றிக் கொடுக்கிறார்கள். அடியெண்ணும் கருவியிலும் இது இயலாததன்று. 2012இல் வெளிவந்த ‘ஃபிட்பிட் சிப்’ என்னும் கருவிக்கு நாணயம் போன்ற சாதாரண பற்றரி. அதன் சொந்தக்காரரே முதுகைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாகவும் மினுக்கமாகவும் வேண்டும் என்ற ஆசையில் நாமே அதனைக் கைவிட்டோம் என்று சொன்னாலும் தவறாகாது. விற்பவருக்கும் அந்த ஆசை இலாபமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிச் சட்டம், கைக்கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றத்தக்கதாகச் செய்யவேண்டும் என்று கூறி, அதற்குத் தொடக்கநாளாக 2027 பெப்ரவரி 18ஐ விதித்தது. நீரிற் புழங்கவென்றே செய்த கருவிகளுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. கைப்பட்டி செய்வோர் பலர் அந்த விலக்கின் நிழலிலே ஒதுங்கப் பார்ப்பர் என்பது எமது ஐயம். ஆயினும் அந்த நிழலிலுங்கூட, தொழில் தெரிந்த ஒருவர் திறந்து மாற்றத்தக்கதாகவேனும் கருவி இருக்கவேண்டும் என்றே சட்டம் சொல்கின்றது. எமது ஒழுங்கை இளைஞருக்கு அது போதும்.

கைப்பட்டி இப்பொழுது நான்கு நாள் நிற்கின்றது. புதிதாயிருந்த காலத்து ஐந்து நாள் இல்லை. அளவு ஒன்றானாலும் எல்லாக் கலமும் ஒரு தரமாவதில்லை. கொப்பியில் நடுநிரல் மறுபடியும் நிரம்புகின்றது. முதல் வாரத்தில் சிவப்புக்கோடு நான்கு. சென்ற வாரத்தில் ஒன்று, அதுவும் மழைநாள். சீனி 140க்கு வந்திருக்கின்றது. மாம்பழக் காலம் முடிந்ததையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தமக்கையாரே சொல்கின்றார்.

தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. குளிக்கப் போகும் போது மறதியாய்க் கட்டிக்கொண்டே போய்விடாதிருக்க, கிணற்றடி மதிலில், கையுயரத்தில், அவருக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்திருக்கின்றோம்.